தீர்ப்பைக் கையில் எடுத்தால் முதலில் தேதியைப் பாருங்கள்: ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதுவது

“சுப்ரீம் கோர்ட்டே சொல்லிப்போட்டுதுங்க” என்று போனை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் அதிகம். நான் கோபிசெட்டிபாளையத்தில் வக்கீல் குமாஸ்தா. கட்டு எடுத்து வைப்பது, வாய்தா குறிப்பது, நகல் மனுப் போடுவது, சீனியர் கேட்கிற தீர்ப்பைத் தேடிக் கொடுப்பது என்றே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் பங்கு, தடம், கிணறு, வாடகை, வரி என்று இந்தப் பக்கத்து வழக்குகளுக்காகத் தீர்ப்புகளைப் புரட்டிப் புரட்டிக் கண் பழகிவிட்டது. ஒரு தீர்ப்பை நம்பிக் காரியத்தில் இறங்குவதற்கு முன் அதை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன். வழக்கு நடத்துவது வக்கீலின் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

முதல் வேலை, முழுத் தீர்ப்பையும் கையில் எடுப்பது. பேப்பர் தலைப்பும் யூடியூப் படமும் தீர்ப்பு ஆகாது. உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை இ-எஸ்.சி.ஆர். என்ற தளத்தில் 2023 ஜனவரியிலிருந்து காசில்லாமல் படிக்கலாம். நிறையத் தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உச்சநீதிமன்றத் தளத்திலேயே கிடைக்கிறது. இந்தியன் கானூன் என்ற தளத்தில் தேடினால் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளும் வரும். உங்கள் சொந்த வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கிற பதினாறு எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் போதும். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு பெரும்பாலும் தமிழிலேயே இருக்கும். ‘வா.சா.ஆ.1’ என்றால் வாதி தரப்புச் சான்றாவணம் ஒன்று, ‘பி.வா.சா.1’ என்றால் பிரதிவாதியின் முதல் சாட்சி. இந்த இரண்டும் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

அடுத்து முதல் பக்கம். அங்கே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எந்தக் கோர்ட்டு, எத்தனை நீதிபதி, எந்தத் தேதி. உச்சநீதிமன்றம் வகுத்த சட்டம் அரசியலமைப்பின் 141-வது பிரிவுப்படி நாட்டின் எல்லாக் கோர்ட்டையும் கட்டும். சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது நம் மாவட்டக் கோர்ட்டுகளைக் கட்டும். கேரளாவோ பம்பாயோ சொன்னது எடுத்துக்காட்டத்தான் உதவும், கட்டாது. ஒரே கோர்ட்டில் இரண்டு தீர்ப்பு முட்டிக்கொண்டால் அதிக நீதிபதிகள் உட்கார்ந்த அமர்வுக்குத்தான் மதிப்பு. கரூர்க்காரர்களும் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்களும் மதுரைக் கிளைக்குப் போகிறவர்கள். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், சேலமெல்லாம் சென்னைக்கு. ஆனால் இரண்டும் ஒரே உயர்நீதிமன்றம்தான். “அது மதுரைத் தீர்ப்புங்க, நமக்குச் செல்லாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு தாள், நடுவில் ஒரு கோடு

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் தீர்ப்பில் வரும் கதையின் தேதிகள், வலது பக்கம் உங்கள் கதையின் தேதிகள். சொத்து எப்போது, எப்படி வந்தது. யார் எப்போது இறந்தார். கல்யாணம் எப்போது, பத்திரம் எப்போது, வழக்கு எப்போது. தீர்ப்பு என்பது ஒரு குறிப்பிட்ட கதைக்கு ஒரு நீதிபதி சொன்ன விடை. கதை மாறினால் விடை மாறும்.

உதாரணத்துக்கு, நம் பக்கத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு. உச்சநீதிமன்றம் 2022 ஜனவரி 20-ல் தீர்ப்பு சொன்னது. ‘1956-க்கு முன்பே பெண்ணுக்குப் பங்கு உண்டு’ என்று தலைப்பு வந்தது. அந்த வாரம் ஆபீசுக்கு வந்த ஒரு அம்மா, “எங்க அப்பாரு (அப்பாவைப் பெற்றவர்) 1952-லயே தவறிட்டாருங்க. அப்ப எங்க அத்தைக்கும் பங்கு வருமுங்களா?” என்று கேட்டார். தாளை எடுத்துக் கோடு போட்டோம்.

இடது பக்கம்: ஒருவர் 1938-ல் கோர்ட்டு ஏலத்தில் நிலம் எடுக்கிறார். 1949-ல் உயில் இல்லாமல் இறக்கிறார். அவருக்கு ஒரே மகள். அவருடைய அண்ணன் தம்பி வகையறா கூட்டுக் குடும்பமாகவே இருந்தார்கள். மகள் 1967-ல் வாரிசு இல்லாமல் இறக்கிறார். அதன் பிறகு, ஏலத்தில் நிலம் எடுத்தவருடைய சகோதரரின் மகள் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு வழக்குப் போடுகிறார். விசாரணைக் கோர்ட்டும் உயர்நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தன. 1949-லேயே சொத்து ஆண் வழிக்கு, சகோதரரின் மகனுக்குப் போய்விட்டது என்பது அவர்கள் கணக்கு. உச்சநீதிமன்றம் மாற்றிச் சொன்னது. ஏலத்தில் எடுத்தது அந்த மனிதரின் சுயார்ஜிதம் (சொந்தச் சம்பாத்தியம்), எனவே குடும்பம் கூட்டாக இருந்தாலும் சொத்து மகளுக்குத்தான் போகும். அந்த மகள் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு, பிள்ளை இல்லாமல் இறந்ததால், அப்பாவிடமிருந்து வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். அப்படித்தான் வழக்குப் போட்ட பெண்ணுக்கு ஐந்தில் ஒன்று கிடைத்தது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தத் தீர்ப்பு சுயார்ஜிதச் சொத்தைப் பற்றியது. பாட்டன் காலத்துத் தோட்டத்துக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. இரண்டு, தீர்ப்பால் லாபம் அடைந்தது இறந்தவரின் மகள் இல்லை, அவர் சித்தப்பா பெரியப்பா வகை. தலைப்பை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது. அந்த அம்மாவின் கதையில், இறந்துபோன அப்பாருக்கே நிலம் அவருடைய பாட்டனாரிடமிருந்து வந்தது. வலது பக்கத்தின் முதல் வரியே ஒத்துவரவில்லை.

இதே தாளை வைத்துத்தான் வினீதா சர்மா தீர்ப்பையும் படிக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 11, மூன்று நீதிபதி அமர்வு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை, மகளுக்குச் சம உரிமை கொடுத்த மத்தியத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று அது சொன்னது. அதற்கு முன் 2015-ல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள், அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றார்கள். 2015 தீர்ப்பின் பிரிண்டை வைத்துக்கொண்டு “அக்காவுக்குப் பங்கு இல்லை” என்று இன்றும் பேசுகிற தம்பிகள் இருக்கிறார்கள். அது எப்போதோ போய்விட்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு தேதியும் இருக்கிறது: 1989 மார்ச் 25. அன்றைக்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு நம் மாநிலத் திருத்தச் சட்டத்தில் பூர்வீகப் பங்கு இல்லை. மத்தியச் சட்டம் 2005-ல் வந்தபோது அந்தக் கல்யாண நிபந்தனையைக் காணோம். அதனால் 1985-ல் கல்யாணமாகிப் போனவர் என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை ஆகியிருந்தாலோ, விற்றிருந்தாலோ அதைப் புரட்ட முடியாது. நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “அப்பவே வாய்ப்பேச்சாப் பிரிச்சுக்கிட்டமுங்க.” வாய்மொழிப் பாகத்தைச் சுலபத்தில் ஏற்கக்கூடாது, அரசாங்க ஆவணங்கள் அதைத் தாங்கி நின்றால் மட்டும் விதிவிலக்காகப் பார்க்கலாம் என்று வினீதா சர்மா தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சீர் செய்த கணக்கு, நகை போட்ட கணக்கெல்லாம் பாகப்பிரிவினை ஆகாது. அதே சமயம், பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தில் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துப் போட்டவர் தீர்ப்பைக் காட்டி அதை ஒன்றுமில்லாமல் செய்துவிடவும் முடியாது. பத்திரத்தையே எதிர்த்து, காரணம் சொல்லி, காலக்கெடுவுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

தடமும் கிணறும்

பங்குச் சண்டைக்கு அடுத்து எங்களுக்குச் சோறு போடுவது தடச் சண்டை. இட்டேரியை (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) வெட்டிக் காட்டோடு சேர்த்துவிட்டார், வண்டித்தடத்தில் கம்பிவேலி போட்டுவிட்டார், டிராக்டர் போக முடியவில்லை. இதற்குத் தீர்ப்புத் தேடும்போது ஒரு வகைப்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தட உரிமை மூன்று வழியில் வரும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது ஒன்று. வேறு வழியே இல்லாததால் வருவது ஒன்று. இருபது வருடம் யாரிடமும் அனுமதி கேட்காமல், தடையில்லாமல், உரிமையோடு நடந்து வந்ததால் வருவது ஒன்று. எந்த வகைத் தீர்ப்பைப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்தால் குழப்பம்தான்.

ஹீரோ வினோத் எதிர் சேஷம்மாள் என்ற 2006-ம் வருட உச்சநீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினைப் பாதையைப் பற்றியது. பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாதை, இன்னொரு வழி கிடைத்துவிட்டது என்பதற்காக முடிந்துபோகாது என்றது. வேறு வழியில்லாமல் கிடைத்த தடமாக இருந்தால், அவசியம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்துவிடும். வசதியுரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆகவே இந்தத் தீர்ப்பை எடுத்து ஓடுவதற்கு முன் உங்கள் பாகப்பத்திரத்தின் சொத்து விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘மேற்படி பூமிக்குப் போகவர மாமூல் வண்டித்தட பாத்தியம் சகிதம்’ என்று எழுதியிருக்கிறதா? தடம் யாருடைய காலைக்குள் (நிலத்துக்குள்) ஓடுகிறதோ அவருடைய பத்திரத்திலும் அது இருக்கிறதா? எத்தனை அடி? கிணற்றுப் பங்கு என்றால் எத்தனையில் எத்தனை பாகம், மின் இணைப்பு யார் பேரில், முறை நாள் எழுதியிருக்கிறதா? இருபது வருடப் பழக்கம் என்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. “மாமா, உங்க காட்டு வழியா ஒரு நடை போய்க்கிறேன்” என்று கேட்டு, அவர் “போய்க்கோ கண்ணு” என்று விட்டிருந்தால் அது அனுமதி. அனுமதியில் நடந்ததை வைத்து உரிமை கேட்க முடியாது. சாட்சிக் கூண்டில் இந்த ஒரு வாக்கியத்தில் கவிழ்ந்த வழக்குகள் உண்டு.

வெறும் உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) மட்டும் கேட்டு வழக்குப் போடுகிறவர்கள் அனதுலா சுதாகர் எதிர் புச்சி ரெட்டி என்ற 2008 தீர்ப்பைப் படிக்க வேண்டும். சுவாதீனம் (அனுபோகம்) கையில் இருக்கிறது, எதிராளி சும்மா இடைஞ்சல் செய்கிறார் என்றால் உறுத்துக்கட்டளை போதும். உரிமையின் மேலேயே சந்தேகம் விழுந்துவிட்டால் விளம்புகைப் பரிகாரமும் (சொத்து என்னுடையது என்று கோர்ட்டு அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். சுவாதீனமும் போய்விட்டால் அதை மீட்கவும் கேட்க வேண்டும். கோர்ட்டுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்து, பல வருடம் நடத்தி, கடைசியில் ‘விளம்புகை கோரவில்லை’ என்ற ஒரு காரணத்தால் தோற்பது பெரிய கொடுமை.

பட்டாவைப் பற்றி ஒரு வரி. பட்டா பேர் மாற்றம் உரிமையைக் கொடுக்கவும் கொடுக்காது, எடுக்கவும் எடுக்காது என்று சவர்னி எதிர் இந்தர் கௌர் என்ற 1996 தீர்ப்பிலிருந்து உச்சநீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மூலப்பத்திரம்தான் பேசும்.

வாடகை: பன்னிரண்டு வருடக் கதை

‘பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு அவனுக்கே’ என்பது திருப்பூர் லைன் வீட்டு ஓனர்கள் முதல் பள்ளிபாளையம் தறிக்கூடக்காரர்கள் வரை எல்லாரையும் ஆட்டி வைக்கிற பயம். 2019 ஆகஸ்டில் ரவீந்தர் கௌர் கிரேவால் தீர்ப்பு வந்தபோது அந்தப் பயம் இரட்டிப்பானது. அந்தத் தீர்ப்பு சொன்னது என்ன? எதிரிடை அனுபவத்தால் உரிமை முழுமையாகக் கிடைத்துவிட்ட ஒருவர், பிரதிவாதியாக நின்று தற்காத்துக்கொள்வது மட்டுமில்லாமல் வாதியாக வழக்கும் போடலாம் என்றது. வாடகைக்காரரைப் பற்றி அது பேசவே இல்லை. வாடகைக்கு இருப்பவர் ஓனரின் சம்மதத்தோடு இருப்பவர். எதிரிடை அனுபவம் என்றால் ஓனருக்கு எதிராக, வெளிப்படையாக, தன் சொத்து என்று சொல்லி இருக்க வேண்டும். வாடகைக்காரர் குடியிருக்கும் வரை ஓனரின் உரிமையை மறுக்கவே முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 116-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது, எண் மட்டும் வேறு. பழைய தீர்ப்பில் பார்க்கும் பிரிவு எண்ணைப் புதுச் சட்டப் புத்தகத்தில் தேடி “காணோம்” என்று சொல்லக்கூடாது.

பன்னிரண்டு வருடம் என்ற எண் வாடகைக்கும் உண்டு, ஆனால் வேறு இடத்தில். வாடகை உறவு முறிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்குள் ஓனர் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 67-வது இனம். நோட்டீஸ் கொடுத்துவிட்டு மறந்துபோகிற ஓனர்தான் பயப்பட வேண்டும்.

வாடகைத் தீர்ப்புத் தேடும்போது 2019 பிப்ரவரி 22 என்ற தேதியைத் தாளின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்றுதான் 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ம் வருடச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் வாடகை பாக்கியைக் காரணம் காட்டி ஓனர் ஜெயிக்க, வாடகைக்காரர் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று காட்ட வேண்டும். அதற்கு 1985-ல் வந்த சுந்தரம் பிள்ளை எதிர் பட்டாபிராமன் தீர்ப்பு பெரிய ஆதாரமாக இருந்தது. வேண்டுமென்றே என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்குகிற தீர்ப்பு அது. எங்கள் ஆபீஸ் பிரதியில் பென்சில் கோடு விழாத பக்கமே இல்லை. புதுச் சட்டத்தின் கதை வேறு. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தமே போடவில்லை என்பதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம் ஆகிவிட்டது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய ஓனர்கள் இந்த வரியைக் காட்டினால் முகம் சுளிப்பார்கள், அது அவர்கள் பாடு. 2019-க்குப் பிறகு தொடங்கிய வழக்குக்குப் பழைய சட்டத் தீர்ப்பைக் கொண்டுபோனால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

குடோன், தறிக்கூடம் மாதிரி இடங்களுக்கு ஐந்து வருடம் என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொள்வது இங்கே வழக்கம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். பதியாவிட்டால் அந்த ஐந்து வருடத்தைக் கோர்ட்டு கணக்கில் எடுக்காது, மாதாமாதம் ஓடும் வாடகையாகத்தான் பார்க்கும். 2000-ல் வந்த அந்தோணி எதிர் இட்டூப் தீர்ப்பைப் படித்துவிட்டு மெஷின் இறக்குங்கள்.

வரி: தோட்டத்தை சைட் போட்டு விற்கிறவர்களுக்கு

அவிநாசி, பெருந்துறை, சூலூர்ப் பக்கம் தோட்டம் விற்ற யாரைக் கேட்டாலும் “விவசாய பூமிக்கு வரி இல்லைங்க” என்பார்கள். பாதி சரி. ஊரக விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது, ஆனால் தூரக் கணக்கு இருக்கிறது. நகராட்சி எல்லைக்குள் இருந்தால் சலுகை கிடையாது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை என்றால் 6, அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோபிக்கு ஒரு கணக்கு, திருப்பூருக்கு ஒரு கணக்கு, கோவைக்கு ஒரு கணக்கு.

இந்தத் தூரத்தை எப்படி அளப்பது? தார்ரோடு வழியாக அளக்க வேண்டும் என்று சொன்ன உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. இன்றும் அவை கூகுளில் முதலில் வரும். ஆனால் 2013-ல் சட்டத்தையே திருத்தி, வானத்தில் பறப்பது போல நேர்க்கோட்டில் அளக்க வேண்டும் என்று போட்டுவிட்டார்கள். ஆக, தீர்ப்பு அப்படியே இருக்கிறது, அது நின்றிருந்த தரை போய்விட்டது. ரோடு வழி ஒன்பது கிலோமீட்டர் என்று நிம்மதியாக இருந்தவர் நேர்க்கோட்டில் ஏழாக வந்து மாட்டிக்கொள்வார். ஒரு தீர்ப்பைப் பார்த்ததும் ‘இதற்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டதா?’ என்று கேட்பது வரி விஷயத்தில் மிக மிக அவசியம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருடப் புது வருமான வரிச் சட்டம் வந்து, பிரிவு எண்கள் எல்லாமே மாறிவிட்டன.

தூரம் சரியாக இருந்தாலும் போதாது, நிலம் உண்மையிலேயே விவசாய நிலமாக இருக்க வேண்டும். சரீஃபாபீபி வழக்கில் 1993-ல் உச்சநீதிமன்றம் என்ன பார்த்தது தெரியுமா? வருவாய்க் கணக்கில் விவசாய பூமி, தீர்வையும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் விற்பதற்கு முன் சில வருடமாக உழவு இல்லை. வேறு உபயோகத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். வீட்டுவசதிச் சங்கத்துக்கு சதுர கஜக் கணக்கில் விற்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, இது விவசாய நிலம் இல்லை என்றது. நம் பக்கத்துக்கு இதை அப்படியே மொழிபெயர்த்தால்: அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) சோளம் இருந்தால் மட்டும் போதாது, ஏக்கர் கணக்கில் விற்றோமா, சென்ட் கணக்கில் விற்றோமா என்று பார்ப்பார்கள். கல் நட்டு, ரோடு விட்டு, சைட் போட்ட பிறகு “விவசாயம்தானுங்க” என்று சொல்ல ஆடிட்டரே தயங்குவார்.

கையில் ரொக்கம் வாங்கிக் கிரய ஒப்பந்தம் போடுகிறவர்கள் 2025 ஏப்ரல் 16-ல் வந்த ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். கல்வி நிறுவனம் எதிர் குணசேகர் தீர்ப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். பெங்களூரு சொத்து ஒன்றுக்கு 75 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்தோம் என்று வழக்கில் எழுதியிருந்தார்கள். உச்சநீதிமன்றம் அந்த வழக்குரையையே நிராகரித்ததோடு, இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாக வழக்கில் சொன்னால் அந்தக் கோர்ட்டு வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சார்பதிவாளருக்கும் அதே கடமை. “கணக்குல காட்டாம கொடுத்தமுங்க, இப்ப அதை வெச்சுக் கிரயம் வாங்கித் தாங்க” என்று வருகிறவர்களிடம் நான் இந்த ஒரு பத்தியை மட்டும் காட்டுவேன். பாதிப் பேர் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

கடைசிப் பக்கம்

தீர்ப்பின் முடிவு வரியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘அனுமதிக்கப்படுகிறது’, ‘தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்பவை தெளிவு. ‘திருப்பி அனுப்பப்படுகிறது’ என்றால் கீழ்க்கோர்ட்டு மறுபடி விசாரிக்க வேண்டும், யாரும் ஜெயிக்கவில்லை. இன்னொரு வகை இருக்கிறது: உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டு, ‘மனுதாரரின் மனுவை வட்டாட்சியர் பன்னிரண்டு வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்’ என்று உத்தரவு வாங்கி வருவது. ஊரில் பட்டாசு வெடித்துக் கொண்டாடுவார்கள். பரிசீலி என்றுதான் சொல்லியிருக்கிறது, கொடு என்று சொல்லவில்லை. வட்டாட்சியர் பரிசீலித்துவிட்டு முடியாது என்று எழுதினாலும் உத்தரவை நிறைவேற்றியதாகத்தான் அர்த்தம்.

‘இந்த வழக்கின் தனிப்பட்ட சூழ்நிலையில்’, ‘இது முன்னுதாரணமாகாது’, ‘142-வது பிரிவின் அதிகாரத்தில்’ (முழு நீதி வழங்க அரசியலமைப்பு உச்சநீதிமன்றத்துக்குக் கொடுத்த தனி அதிகாரம்) என்ற சொற்கள் வந்தால் அந்தத் தீர்ப்பை அடுத்தவர் வழக்குக்குக் கொண்டுபோக முடியாது. அப்புறம், மேல்கோர்ட்டில் தடை வாங்கியிருக்கிறார்களா என்று அதே வழக்கு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். சட்டசபை ஏதாவது செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிய மாட்டோம் என்று சொல்ல வழிவிட்ட பதிவு விதி 55-ஏ(1), பதிவுச் சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று 2025 ஏப்ரல் 7-ல் கே. கோபி வழக்கில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தேதிக்குப் பிறகு வந்த திருத்தங்களைப் பார்க்காமல் தீர்ப்பை நீட்டிக்கொண்டு சார்பதிவாளரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்த பத்திரம் பதிவானாலும் வாங்கியவருக்கு உரிமை வராது.

உங்கள் வழக்கிலேயே தீர்ப்பு வந்துவிட்டால் அன்றைக்கே நகல் மனுப் போடச் சொல்லுங்கள். மாவட்டக் கோர்ட்டுக்கு மேல்முறையீடு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். நகலுக்குக் காத்திருந்த நாட்கள் இந்தக் கணக்கில் கழிந்துவிடும், ஆனால் மனுப் போட்ட பிறகுதான் கழியும். சான்றிட்ட நகலில் மனுக் கொடுத்த நாள், கோர்ட்டு நகலுக்கான முத்திரை கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் வரிசையாகக் குறித்திருப்பார்கள். முத்திரை கேட்டுப் பட்டியல் ஒட்டிய பிறகு நீங்கள் கட்டாமல் கிடந்த நாட்களைக் கோர்ட்டு கழித்துக் கொடுக்காது. நகல் பிரிவு அறிவிப்புப் பலகையைத் தினமும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.